மூன்றாவது கம்பி

ஒரு குறை நீங்கிவிட்டது என்று எதைக் கொண்டு நாம் தீர்மானிக்கிறோம்? வலி நின்றால் நோய் போயிற்று என்கிறோம். முறையிட்டவன் வாய் மூடினால் வழக்குத் தீர்ந்தது என்கிறோம். அடுத்த அறையில் சச்சரவு ஓய்ந்தால் சமாதானம் பிறந்தது என்று நிம்மதி அடைகிறோம். இவற்றிலெல்லாம் நாம் ஏமாறக்கூடும் என்பதை அறியாதவர் இல்லை. ஆயினும் ஏமாறிக்கொண்டுதான் இருக்கிறோம். இவ்வினாவை ஆராய அறநூல்களைப் புரட்டுவதற்கு முன், நம் வீட்டுக் கூடத்தில் இருக்கும் பாட்டுப் பெட்டியின் பின்புறத்தைச் சற்றே திருப்பிப் பார்க்குமாறு வாசகர்களை வேண்டுகிறேன். இந்தக் கேள்வி அங்கே செம்பும் இரும்புமாக, கையால் தொட்டுப் பார்க்கத்தக்க வடிவில் இருக்கிறது. தொடுவதற்கு முன் மின்னிணைப்பைப் பிடுங்கிவிட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், சேலையூர், பெருங்களத்தூர் என்று ஜி.எஸ்.டி. சாலையையும் மின்ரயில் பாதையையும் ஒட்டி வளர்ந்த தென்சென்னைப் புறநகர்களில், கையால் கட்டிய ஆம்ப்ளிஃபயர் ஒன்றாவது இல்லாத தெரு ஒரு காலத்தில் அரிதாகவே இருந்தது. அண்ணா சாலையை அடுத்த ரிச்சி தெருவுக்குப் போய், 2என்3055 டிரான்ஸிஸ்டரையோ, டி.டி.ஏ.2030 என்னும் ஐ.சி.யையோ, எஸ்.டி.கே. வரிசையில் ஒன்றையோ வாங்கி, 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று, நான்கு டையோடுகள், 2200 அல்லது 4700 மைக்ரோஃபாரட் கண்டென்ஸர்கள் ஆகியவற்றைச் சேர்த்துத் தகரப் பெட்டியில் அடைத்தால், அதுவே 'அசெம்பிள் செட்'. கடையில் விற்கும் பெயர் பெற்ற கருவிகளின் விலையில் ஒரு சிறு பங்குக்கு அது கிடைத்தது. முதலில் கேசட்டும், பின்னர் சி.டி.யும், அதன் பின்னர் தொலைக்காட்சியும், இப்போது கைபேசியும் அதனோடு இணைக்கப்பட்டு வந்துள்ளன. ரமலான் இரவுகளில், 2015-இல் மறைந்த இசைமுரசு நாகூர் ஹனீபா அவர்களின் குரல் அத்தகைய பெட்டிகளின் வழியாகவே நம் இல்லங்களில் பலவற்றுக்கு வந்து சேர்ந்தது. அக்குரல் முழங்கும்போது வேறெதுவும் காதில் விழாது. ஓரடி முடிந்து அடுத்த அடிக்காக அவர் மூச்சு வாங்கும் அந்த நொடியில்தான், பெட்டிக்குள்ளிருந்து 'ம்ம்ம்' என்று ஒன்று எழும். பழுது பார்ப்போர் அதை 'ஹம்மிங்' என்பர். நாம் ரீங்காரம் என்போம்.

இந்த ரீங்காரம் ஒன்றன்று. பிறப்பிடத்தால் அது வேறு வேறாகும். செவிக்கு மட்டும் ஏறக்குறைய ஒன்றுபோல் ஒலிக்கும்.

முதலாவது, இரும்பே பாடும் பாட்டு. நம் வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரம் நொடிக்கு 50 முறை திசை மாறி மாறி ஓடுகிறது. டிரான்ஸ்ஃபார்மரின் உட்கருவாகிய இரும்புத் தகடுகள் அதற்கேற்பக் காந்தமாகின்றன. காந்தமாகும் இரும்பு தன் நீளத்தில் அணுவளவு மாறுகிறது என்பதை ஜேம்ஸ் ஜூல் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1842-இல் கண்டறிந்தார். காந்தத்தின் திசை எதுவாயினும் நீட்சி ஒன்றே. ஆகையால் ஒரு சுழற்சிக்கு இருமுறை, நொடிக்கு 100 முறை, அந்த இரும்பு நீண்டு சுருங்குகிறது. அதுவே அதன் குரல். தென்னிந்திய மின்தொகுப்பு 2013 டிசம்பர் 31-இல் நாட்டின் மற்றத் தொகுப்போடு இணைக்கப்பட்ட பிறகு, தாம்பரத்து வீட்டுப் பெட்டியும் வடகோடியில் உள்ள பெட்டியும் ஒரே தாளத்தில் அதிர்கின்றன. 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்ரயில் ஓடத் தொடங்கியபோது அதற்குப் பாய்ந்தது 1500 வோல்ட் நேர்மின்னோட்டம். பின்னர் வந்த 25,000 வோல்ட் மாறுமின்னோட்டமும் இதே 50-இல்தான் துடிக்கிறது. பெட்டிக்குள் இருப்பது நாடு முழுவதும் ஓடும் துடிப்பின் ஒரு துளி என்று எண்ணும்போது, அந்த ரீங்காரத்தின் மீது எனக்குள்ள சினம் சற்றே தணிந்துவிடுகிறது.

ஆனால் இரும்பு அளவோடு பாடுவது வேறு. பட்டினியால் அலறுவது வேறு. டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுவோருக்கு ஒரு கைக்கணக்கு உண்டு. உட்கருவின் குறுக்குப் பரப்பு 9 சதுர சென்டிமீட்டர் என்றால், வோல்ட்டுக்கு ஏறத்தாழ 5 சுற்று. 230 வோல்ட்டுக்கு 1150 சுற்று. செம்பு விலை ஏறிய ஒரு நாளில், அந்த 1150-ஐ 800 ஆக்கினாலும் டிரான்ஸ்ஃபார்மர் வேலை செய்யும். வாங்குபவர் பிரித்து எண்ணப் போவதில்லை. ஆனால் இரும்பு தாங்கக்கூடிய காந்தத்தின் எல்லையை அது தொட்டுக்கொண்டே இருக்கும். பின்னிரவில் தெருவின் மின்பயன்பாடு குறைந்து மின்னழுத்தம் ஏறும்போது உறுமும், சூடேறும், பத்தாண்டு வாழ வேண்டியது மூன்றாண்டில் கருகும். தகடுகளுக்கிடையே வார்னிஷ் ஏறாமல் விட்டாலும் இதே கதைதான். இங்கே ரீங்காரம் என்பது, பிறர் காணாத இடத்தில் மிச்சம் பிடிக்கப்பட்ட செம்புக்குச் சாட்சி. ஒலிபெருக்கிகளைக் கழற்றிய பின்னும் பெட்டியிலிருந்தே ஓசை வந்தால், அது இவ்வகையைச் சேர்ந்தது என்று அறியலாம். திருகாணியை இறுக்குவதும், டிரான்ஸ்ஃபார்மருக்கு அடியில் ரப்பர் வளையம் இடுவதும் சிறிதளவு உதவும். குறைந்த சுற்றுகளை அவை கூட்டித் தரமாட்டா.

இரண்டாவது வகை, முதுமையால் வருவது. மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கிய பின் எஞ்சும் அலைகளை விழுங்கி நிரவ வேண்டிய கண்டென்ஸர், வெப்பத்தால் ஆண்டுக்காண்டு உலர்ந்துபோகிறது. ஒலியளவைச் சுழியில் வைத்தாலும், உள்வரும் கம்பிகளையெல்லாம் பிடுங்கினாலும், ஒலிபெருக்கியில் ஓசை நிற்காவிட்டால் பெரும்பாலும் இதுதான் காரணம். சிறு செலவில் மாற்றிவிடலாம். இதில் ஆராய வேண்டிய அறச்சிக்கல் எதுவும் இல்லை.

மூன்றாவதற்கு வருவோம். பெட்டி தனித்திருக்கும்போது அமைதியாக இருக்கிறது. அதனோடு கணினியையோ, கேபிள் இணைப்புள்ள தொலைக்காட்சியையோ ஒரு சிறு கம்பியால் இணைத்தவுடன் ரீங்காரம் கிளம்புகிறது. இரண்டு கருவிகளிலும் குறை இல்லை! குறை அவற்றுக்கு இடையில் இருக்கிறது. ஆம்ப்ளிஃபயரின் உலோக உறை மூன்று முள் பிளக்கின் எர்த் கம்பி வழியாகப் பூமியோடு சேர்ந்திருக்கிறது. கணினியும் அவ்வாறே, ஆனால் வேறொரு சுவரின் வேறொரு பலகை வழியாக. கேபிள் கம்பியோ தெருவின் எங்கோ ஓரிடத்தில், பல வீடுகளைக் கடந்து, தன் வழியே பூமியைத் தொட்டுவிட்டு வருகிறது. பூமி ஒன்றே என்று நாம் எண்ணுகிறோம். மின்சாரத்தின் அளவுகோலில் இரண்டு இடங்களின் பூமிகளுக்கிடையே சில மில்லிவோல்ட் வேறுபாடு எப்போதும் உண்டு. இரண்டு கருவிகளையும் பாட்டுக் கம்பியின் மேலுறை இணைத்தவுடன் ஒரு வளையம் மூடப்படுகிறது. அதில் அந்தச் சிறு வேறுபாடு ஓட்டமாகிறது. பெருக்குவதையே தொழிலாகக் கொண்ட பெட்டி அதையும் பாட்டோடு சேர்த்துப் பெருக்குகிறது.

இதற்கு ஒரு வைத்தியம் இருக்கிறது. அரை நிமிடம் போதும், காசு வேண்டாம், ஒரு கட்டிங் பிளேயர் இருந்தால் சரி. பிளக்கின் பெரிய முள்ளை வெட்டிவிடு, அல்லது உள்ளே பச்சைக் கம்பியைக் கழற்றிவிடு. வளையம் அறுந்தது, ரீங்காரம் நின்றது.

"ஹம்மிங் போயிருச்சா தம்பி?"

"சுத்தமாப் போயிருச்சு பாய். காதை வச்சுக் கேளுங்க."

காதை வைத்துக் கேட்டால் உண்மையிலேயே போயிருக்கிறது. இதுதான் இந்தச் சிக்கலின் முள். தவறான வைத்தியம் பலிக்காமல் போனால் அதில் விவாதத்துக்கு இடமில்லை. யாரும் அதை நாடமாட்டார். இது பலிக்கிறது. முறையாகச் செய்தால் கிடைக்கும் அமைதிக்கும் இதனால் கிடைக்கும் அமைதிக்கும் செவியால் வேறுபாடு காண முடியாது. ஆகவே செவியை நடுவராக வைத்த வழக்கில் இரண்டுக்கும் ஒரே தீர்ப்புத்தான் கிடைக்கும்.

அந்தப் பச்சைக் கம்பி அங்கே எதற்காக இருந்தது? பாட்டுக்காக அன்று. டிரான்ஸ்ஃபார்மரின் உள்ளே காப்பு கருகி, 230 வோல்ட் தகரப் பெட்டியைத் தொடும் ஒரு நாள் வரக்கூடும். வராமலே போகவும் கூடும். வந்தால், அந்த மின்சாரம் பச்சைக் கம்பி வழியாகப் பூமிக்குப் பாய்ந்து, ஃப்யூஸை எரித்து, தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். கம்பி இல்லையேல், ஃப்யூஸ் எரியாது, விளக்கு அணையாது, பாட்டும் நிற்காது. பெட்டியின் தகரம் 230 வோல்ட்டோடு, யாரேனும் வந்து தொடும்வரை காத்திருக்கும். பாட்டுக் கம்பியின் மேலுறை வழியாகக் கணினியின் எர்த்துக்கு ஒரு வழி இருக்கிறதே என்று சிலர் வாதிடுவர். அந்த மெல்லிய பின்னல் அவ்வளவு ஓட்டத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதன்று. ஃப்யூஸுக்கு முன்னால் அது கருகிப் போனால், இருந்த ஒரே வழியும் அடைபட்டுப் போகும்.

மூன்று முள் பிளக்கை ஒருமுறை உற்று நோக்குங்கள். எர்த் முள் மற்ற இரண்டையும்விட நீளமானது. செருகும்போது அது முதலில் போய்ச் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியாக வெளிவர வேண்டும் என்பதற்காக அவ்வாறு அமைத்திருக்கிறார்கள். வடிவமைத்தவர்களின் எண்ணத்தில் அதற்கு இருந்த இடம் அது. வெட்டுபவருக்கும் அந்த நீளம் வசதியாகத்தான் இருக்கிறது.

யார் வந்து தொடுவார்? அமைதியை விலைகொடுத்து வாங்கியவர் சாய்வு நாற்காலியில், செருப்பணிந்த காலோடு, பெட்டிக்கு எட்டடி தொலைவில் அமர்ந்திருக்கிறார். ஈரத் துணியால் அலமாரியைத் துடைக்க வருபவர் வீட்டு வேலை செய்யும் அம்மா. வெறுங்காலோடு, அப்போதுதான் கழுவிய தரையில் நிற்பார். அடுத்தது, பின்னால் விழுந்த பந்தை எடுக்கக் கை நீட்டும் பிள்ளை. புறநகரின் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சுவரே ஈரம் கசியும். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் பகுதிகளில் வீடுகளுக்குள் புகுந்தபோது தரைத்தளத்துக் கருவிகள் பலவும் நீரில் கிடந்தன. உலர்த்தி மீண்டும் இயக்கப்பட்டவையும் அவற்றில் உண்டு. ஆதாயம் ஒருவருக்கு, ஆபத்து மற்றொருவருக்கு என்று பிரிந்துவிட்ட பிறகு, 'என் பெட்டி, என் விருப்பம்' என்ற சொல் பொருந்துமா? நமது ஃபிக்ஹு அறிஞர்கள், தனக்கும் தீங்கில்லை, பிறர்க்கும் தீங்கில்லை என்ற நபிவழி அடிப்படையில் வகுத்த விதிகள், அண்டை வீட்டுச் சாளரம், புகைபோக்கி, சாக்கடை வரை வந்து தீர்ப்புச் சொன்னவை. எர்த் கம்பிக்கு அவற்றை நீட்டுவதற்குப் பெரிய இஜ்திஹாத் எதுவும் தேவைப்படாது என்று கருதுகிறேன்.

வெட்டுபவரின் பக்கத்து நியாயங்களையும் கேட்காமல் விடலாகாது. அவை அற்பமானவை அல்ல.

வாடிக்கையாளர் கேட்டது ரீங்காரத்தை நிறுத்த வேண்டும் என்பதை மட்டுமே. பாதுகாப்பைப் பற்றி அவர் பேசவில்லை. முறையாகச் செய்ய ஒரு மணி நேரம் ஆகும், அதற்குரிய கூலியை அவர் தரமாட்டார் என்பது முதல் நியாயம். இது பாதி உண்மை. கூலி கட்டாது என்றால் வேலையை மறுக்கலாம். இவ்வளவு கூலிக்கு இவ்வளவுதான் முடியும், ரீங்காரம் சிறிது இருக்கும் என்று சொல்லலாம். இரண்டையும் விடுத்து வெட்டிக் கொடுக்கும்போது, அந்தக் கூலிக் குறைவை ஈடுகட்டுபவர் யாரென்றால் முன்னே சொன்ன ஈரத் துணிக்காரர். அவரிடம் யாரும் கேட்கவில்லை.

'இந்த வீட்டில் எர்த்தே கிடையாது' என்பது இரண்டாவது. இதற்கு விடை கூறச் சற்று நிதானம் வேண்டும். பழைய வாடகை வீடுகள் பலவற்றில் மூன்று துளைப் பலகை இருந்தும் மூன்றாம் துளைக்குப் பின்னால் கம்பி இல்லை. இல்லாத ஒன்றிலிருந்து துண்டிப்பதால் என்ன கெட்டுவிட்டது? அன்றைய தேதியில் எதுவும் கெடவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். (அப்படிப்பட்ட வீட்டில் வெட்டியதால் ரீங்காரம் நிற்கவும் வழியில்லை என்பது வேறு கதை.) ஆனால் வீட்டின் குறையை வீட்டுக்காரர் என்றேனும் சரி செய்யக்கூடும். வெட்டிய முள் வளராது. மேலும், அந்தப் பெட்டி அந்த வீட்டிலேயே இருந்துவிடப் போவதில்லை.

பல்லாவரத்து வெள்ளிக்கிழமைச் சந்தையை அறியாதவர் தென்சென்னையில் இரார். செடி, கோழி, பாத்திரம், பழைய மரச்சாமான் என்று நீளும் அந்தச் சந்தையில், தார்ப்பாய் விரித்துப் பரப்பிய பழைய மின்கருவிகளுக்கென்று தனிப் பகுதியே உண்டு. பழைய ஆம்ப்ளிஃபயர்கள் அங்கே கைமாறுகின்றன. 1985-இல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டின் நாட்களை நினைவு வைத்திருப்போருக்கு, இப்படிக் கைமாறும் பொருளுக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது என்பது தெரியும். முள் வெட்டிய பெட்டி ஒன்றை நல்ல எர்த் உள்ள வீட்டுக்காரர் வாங்கிப் போகிறார். அவர் வீட்டுப் பலகையில் மூன்றாம் துளை உயிரோடு இருக்கிறது. அதில் செருக எதுவும் இல்லை.

இங்கே இமாம் கஸ்ஸாலி (ரஹ்) நினைவுக்கு வருகிறார். 1111-இல் மறைந்த அப்பெருமகனார், தமது இஹ்யாவில் பொருளீட்டும் ஒழுங்குகளைப் பேசும் பகுதியில், விற்பவன் தன் சரக்கின் வெளிப்படையான குறைகளை மட்டுமின்றி மறைவான குறைகளையும் சொல்லிவிடக் கடமைப்பட்டவன் என்று வற்புறுத்துகிறார். அதே இடத்தில் கள்ள நாணயத்தைப் பற்றியும் ஒரு கருத்தை எடுத்துக் காட்டுகிறார்: நூறு திர்ஹம் திருடுவதைவிட ஒரு கள்ள திர்ஹத்தைச் செலவிடுவது கொடிது, திருட்டு அத்தோடு முடிந்துபோகும், கள்ள நாணயமோ கைமாறிக் கைமாறி, அதைப் புழங்கவிட்டவன் இறந்த பின்னும் கெடுத்துக்கொண்டே போகும் என்பது அதன் சாரம். வெட்டிய பிளக்குக்கு இதைவிடப் பொருத்தமான உவமையை நான் கண்டதில்லை. வெட்டியவர் அந்த ஊரை விட்டே போயிருக்கலாம், மண்ணுக்குள்ளும் போயிருக்கலாம். பெட்டி பல்லாவரத்திலிருந்து மேடவாக்கத்துக்கும், மேடவாக்கத்திலிருந்து ஊரப்பாக்கத்துக்கும் போய்க்கொண்டிருக்கும்.

'இருபது ஆண்டாக வெட்டிக் கொடுக்கிறேன், எவருக்கும் எதுவும் ஆனதில்லை' என்பது மூன்றாவது நியாயம். மூன்றிலும் வலுவற்றது இது. ஆனால் மிகுதியாகக் கேட்கப்படுவதும் இதுவே. ஆனதா இல்லையா என்று அவருக்குச் செய்தி வந்து சேர எந்த வழியும் இல்லை என்பதை விட்டுவிடுவோம். தீங்கு நேராததால் செயல் நல்லதாகிவிடுமா? கண்ணை மூடிக்கொண்டு சாலையைக் கடந்து உயிரோடு மறுகரை சேர்ந்தவனுக்கு நாம் வாழ்த்துச் சொல்வோம். அவ்வழியைப் பிள்ளைக்குக் கற்பிக்கமாட்டோம்.

முற்காலத்து இஸ்லாமிய நகரங்களில் முஹ்தஸிப் என்றோர் அதிகாரி சந்தையைச் சுற்றி வந்தார். 1329-இல் மறைந்த எகிப்தியரான இப்னுல் உகுவ்வா போன்றோர் அவருக்கென்று எழுதிய கையேடுகளில், தொழில் தொழிலாக மறைவான ஏமாற்றுகள் விளக்கப்பட்டன. வாங்குபவரின் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் அந்த அதிகாரிக்கு வேலை. கைவினைஞரிடம் ஒப்படைக்கப்பட்ட பொருளுக்கு அவரைப் பொறுப்பாளியாக்க வேண்டுமா என்பதும் நம் சட்ட அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்ட வழக்கு. இன்று முஹ்தஸிப் இல்லை. பிளக்குக்குத் தரநிர்ணயம் உண்டு. கடையில் விற்கும் பிளக்கில் முள் இருக்கிறதா என்று பார்க்க ஆள் உண்டு. பழுது பார்க்கும் மேசையில், வாடிக்கையாளர் தேநீர் குடிக்கப் போயிருக்கும் அந்த ஐந்து நிமிடத்தில், பார்ப்பவர் யார் என்பதற்கு நம் வாசகர்களுக்கு நான் விடை சொல்ல வேண்டியதில்லை.

சரி, முறையான வைத்தியம்தான் என்ன? அது கடினமானதும் அன்று. இரண்டு கருவிகளையும் ஒரே பலகையில் செருகினாலே பல வீடுகளில் பாதி ரீங்காரம் அடங்கிவிடும். பாட்டுக் கம்பியைக் குட்டையாக்குவதும், டிரான்ஸ்ஃபார்மரை விட்டு விலக்கி இழுப்பதும் இன்னும் கொஞ்சம். கேபிள் கம்பியால் வருவதென்றால், அக்கம்பியின் நடுவே அதற்கென்றே விற்கும் சிறு தடுப்பானை இடலாம். கணினியால் வருவதென்றால், பாட்டுக் கம்பியின் நடுவே ஒன்றுக்கொன்று என்ற அளவில் சுற்றிய சிறு டிரான்ஸ்ஃபார்மர் போதும். பெட்டியைத் திறக்கத் தெரிந்தவர்கள், தகரப் பெட்டியை எர்த்தோடு உறுதியாகப் பிணைத்து வைத்துவிட்டு, பாட்டுச் சுற்றின் பூமியை மட்டும் 10 ஓம் தடை ஒன்றின் வழியாக, பக்கத்தில் டையோடுகளைத் துணைக்கு வைத்து, தகரத்தோடு சேர்ப்பார்கள். சிறு ஓட்டம் தடுக்கப்படும். ஆபத்தான பேரோட்டம் டையோடுகள் வழியே தடையின்றிப் பூமிக்குப் போகும்.

இந்தக் கடைசி முறை எனக்கு மிகவும் பிடித்தமானது. எது தொல்லை தந்ததோ அதுவே காவலாகவும் இருந்தது. ஒரே கம்பியில் இரண்டு வேலை கலந்திருந்தது. அவசரக்காரர் தொல்லையோடு காவலையும் சேர்த்து வெட்டினார். பொறுமையுள்ளவர் இரண்டையும் பிரித்து, தொல்லையை மட்டும் அடைத்தார். ஓயாமல் குறை சொல்லிக்கொண்டே வீட்டைக் காத்து வரும் பெரியவர் ஒருவர் நம் குடும்பங்களில் உண்டு. அவரை எப்படி நடத்துவது என்பதும் ஏறக்குறைய இதே கணக்குத்தான்.

நேர்மையாகச் செய்தால் ஒன்றுமே கேட்காத பூரண அமைதி கிடைத்துவிடுமா? கிடைக்காது. ஒலிபெருக்கியில் காதை ஒட்டி வைத்தால் ஏதோ ஒன்று எஞ்சித்தான் இருக்கும். அதையும் ஒழிக்கப் புறப்பட்டவர்கள் எனக்குத் தெரிந்தவர்களிலேயே உண்டு. வட்ட வடிவ டிரான்ஸ்ஃபார்மர், தனிப் பெட்டியில் மின்வழங்கி, அயல்நாட்டுக் கம்பி என்று போய், இரவெல்லாம் விழித்திருந்து பாட்டை விடுத்து ரீங்காரத்தையே கேட்டுக்கொண்டிருப்பார்கள். எட்டடி தள்ளி அமர்ந்தால் கேட்காத ஓசை இல்லாத ஓசையே என்பது என் எண்ணம். அந்த எச்சத்தைச் சகித்துக்கொள்ள இயலாத மனம்தான், ஒரு கட்டத்தில், 'ஒரே ஒரு கம்பிதானே' என்று பிளேயரைத் தேடுகிறது. சிறு குறையைப் பொறுக்கும் பழக்கம் சோம்பல் என்று எண்ணப்படுகிறது. இவ்விடத்தில் அது பிறர் உயிருக்குச் செய்யும் மரியாதையாக இருக்கிறது.

இன்னொன்றையும் கூறிவிட வேண்டும். இரண்டு முள் கொண்ட கருவியெல்லாம் குற்றமுள்ளது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. உறையைத் தொட்டாலும் மின்சாரம் எட்டாதபடி இரட்டைக் காப்போடு செய்யப்பட்டவை உண்டு. சதுரத்துக்குள் சதுரம் என்ற அடையாளம் அவற்றின் முதுகில் இருக்கும். தகரப் பெட்டி, மூன்று கம்பிக்குரிய தடித்த வயர், ஆனால் பிளக்கில் மட்டும் இரண்டு முள் என்று இருந்தால்தான் ஐயுற வேண்டும்.

முள் இருந்தும், கம்பி இருந்தும், அது போய்ச் சேரும் மண் சரியில்லாவிடில் பயனில்லை என்பதையும் நம் பகுதி மக்கள் அறிய வேண்டும். பரங்கிமலை, பல்லாவரம் பகுதிகள் சார்னோகைட் என்னும் கடும்பாறைக்குப் பெயர் போனவை. 1893-இல் அப்பாறைக்குப் பெயர் சூட்டப்பட்டதே இப்பகுதிக் கல்லைக் கொண்டுதான். மண் ஆழமில்லாத அத்தகைய இடத்தில், சித்திரை, வைகாசி வெயிலில், எர்த் குழி எலும்பாய் உலர்ந்துவிடும். குழியின் தடை 5 ஓம் என்றால் பழுதின்போது ஏறத்தாழ 46 ஆம்பியர் பாய்ந்து ஃப்யூஸ் உடனே எரியும். அதுவே 50 ஓம் ஆகிவிட்டால் பாய்வது ஐந்து ஆம்பியர்கூட இல்லை, ஃப்யூஸ் அசையாது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடும் சிறு காவற்கருவியை மெயின் பலகையில் பொருத்தினால் இக்குறைக்குப் பெரும்பாலும் ஈடாகும். கரியும் உப்பும் இட்ட பழைய குழிகளுக்கோ, கோடையில் அவ்வப்போது குடம் தண்ணீர் ஊற்றிவர வேண்டும். தனி வீடுகளில் வீட்டுக்குப் பெரியவர் ஒருவர் அதைச் செய்துவந்தார். அடுக்ககங்களில் அது யாருடைய வேலை என்று எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்பட்டிருப்பதில்லை. எங்கள் தெருவில் எட்டுக் குடும்பங்கள் வாழும் கட்டடம் ஒன்றில், அந்தக் குழியின் மூடியின் மேல் இப்போது ஒரு குரோட்டன்ஸ் தொட்டி வைக்கப்பட்டிருக்கிறது. தொட்டிக்கு ஊற்றும் தண்ணீரில் ஒரு பங்கு கீழே இறங்குவதாகக் குடியிருப்போர் நம்புகின்றனர்.